‘என் லைசென்ஸைப் பறித்துவிடுவார்களா?’: டர்பன் அண்டர்டேக்கர் ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் பக்கத்தில், அப்பா தொடங்கிய இறுதிச்சடங்கு நிறுவனத்தை இப்போது நடத்திவரும் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ சம்பந்தப்பட்ட குடும்பத்தையோ யாரும் கண்டுகொள்ளாதபடி விவரங்களைக் குறைத்துச் சொல்கிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாவின் உடலை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கூடத்தில் இறக்கி, தேவாரம் பாடி, வாய்க்கரிசி போடுவதற்காகப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது வேறு யாரோ ஓர் அம்மா. உடுத்தியிருந்ததோ இந்த வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய கல்யாணச் சேலை. வழக்கமாகப் பெண்மக்கள் நிறுவனத்துக்கே வந்து, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, சேலை கட்டிவிடுவார்கள். அன்று மகளின் விமானம் தாமதமானதால் நிறுவனத்தின் ஆட்களே அதைச் செய்திருக்கிறார்கள். அடையாளச் சீட்டு உடலில் கட்டப்படாமல், மேலே சுற்றியிருந்த பையில் மட்டும் இருந்திருக்கிறது. சரியான உடல் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தகன மேடைக்குக் குறித்திருந்த நேரம் தவறி, மறுநாள்தான் தகனம்.

மகன் எழுத்தில் புகார் கொடுத்தார். மாநகராட்சியின் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது குளிர்பெட்டியின் தெர்மாமீட்டர் வேலை செய்யவில்லை, வெப்பநிலை குறிக்கும் புத்தகத்தில் இரண்டு மாதப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன, மாறிப்போன அந்த இரண்டாவது உடலுக்குப் பதிவேட்டில் வரவே இல்லை. ‘உங்கள் சான்றிதழை ஏன் நிறுத்தி வைக்கக்கூடாது என்று 14 நாளில் பதில் தருக’ என்று மாநகராட்சியின் கடிதம் வந்திருக்கிறது. ஐந்து நாள் போய்விட்டது. இவர் யாருடைய பிரதிநிதியாக ஃபியூனரல் பாலிசி (இறுதிச்சடங்குக்கான காப்பீடு) விற்கிறாரோ அந்த நிறுவனமும் பிரதிநிதித்துவத்தை ரத்து செய்யப்போவதாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. உடலை மாற்றி எடுத்த ஊழியரை அன்று மாலையே போனில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ‘எங்கள் கவுன்சில் என் லைசென்ஸைப் பறித்துவிடுமா? அந்தக் குடும்பத்துக்கு ஐம்பதாயிரம் ராண்ட் கொடுத்துப் புகாரை வாபஸ் வாங்க வைத்தால் எல்லாம் நின்றுவிடுமா? வெறுமையாக இருக்கிற பக்கங்களை இப்போது நிரப்பி வைக்கலாமா?’ என்று கேட்கிறார்.

அன்புத் தம்பி,

உங்கள் கடிதத்தில் பயம் தெரிகிறது, அதைவிட அதிகமாக வெட்கம் தெரிகிறது. அந்த வெட்கம் நியாயமானது. ஆனால் அது உங்களை அவசரப்பட வைக்கிறது. நீங்கள் செய்யலாமா என்று கேட்டிருக்கிற இரண்டு காரியங்களும் நடந்த தவறைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கும். நடந்தது கவனக்குறைவு. அதைத் திருத்தலாம், திருத்தியதைக் காட்டலாம், அதற்குப் பிறகும் தொழில் செய்யலாம். மறைக்கப் பார்த்தால் அது நேர்மைக்கேடாகிவிடும். உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடிய ஒவ்வொரு அமைப்பும் இந்த இரண்டையும் வேறு வேறாகத்தான் எடைபோடும்.

முதலில் ‘கவுன்சில்’ விஷயம். மருத்துவருக்கு மருத்துவத் தொழில்களுக்கான கவுன்சில் இருக்கிறது. என்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு லீகல் பிராக்டிஸ் கவுன்சில் இருக்கிறது. தவறு செய்தால் அங்கே விசாரணை, அங்கே தண்டனை. தென்னாப்பிரிக்காவில் அண்டர்டேக்கர்களுக்கு அப்படிச் சட்டப்படி அமைந்த கவுன்சில் கிடையாது. நீங்கள் உறுப்பினராக இருப்பது ஒரு சங்கம். சங்கம் உங்களைக் கண்டிக்கலாம், உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம். தொழிலை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

உங்களிடம் இருப்பதும் ஒரே லைசென்ஸ் அல்ல. உடலை வைத்திருக்கவும் குளிப்பாட்டித் தயார் செய்யவும் மாநகராட்சி தந்த தகுதிச் சான்றிதழ், அதாவது நீங்கள் எல்லோரும் சி.ஓ.சி. என்று சொல்வது, ஒன்று. மரண அறிவிப்பைக் கொடுத்து அடக்க உத்தரவு வாங்க ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) தந்த நியமனம் இன்னொன்று. பாலிசி விற்பதற்கான பிரதிநிதித்துவம் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிக் கெடு, முடிவெடுக்கும் ஆட்களும் வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மன்னிப்புக் கடிதம் எழுதி நகல் எடுத்து அனுப்பலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். வேண்டாம். ஒவ்வொரு கடிதமும் என்ன கேட்கிறதோ அதற்கு மட்டும், அதன் கெடுவுக்குள் பதில் போக வேண்டும்.

மாநகராட்சியின் கடிதம்

இதற்குத்தான் நாள் குறைவு, இங்கிருந்தே தொடங்குங்கள். தேசிய சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2013-ல் வந்த மனித உடல்களைக் கையாளும் விதிகளின்படி இந்த நடவடிக்கை நடக்கிறது. சி.ஓ.சி. உங்கள் ஆளுக்கான பட்டம் அல்ல, அந்த இடத்துக்கும் அதில் நடக்கும் வேலைக்குமான சான்று. அதனால் மாநகராட்சி முக்கியமாகப் பார்க்கப்போவது, ‘இந்த இடத்தில் இனி உடல்கள் பத்திரமாக இருக்குமா’ என்பதைத்தான். நீங்கள் நல்லவரா, அப்பா எத்தனை வருடம் சேவை செய்தார், கோயில் கமிட்டியில் இருக்கிறீர்களா என்பதெல்லாம் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம்.

இன்ஸ்பெக்டர் தெர்மாமீட்டரைப் பெரிதுபடுத்துகிறார், உடல் மாறியதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது. உடல் வந்த மூன்று மணி நேரத்துக்குள் அதன் மேற்பரப்பு வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது, தயார் செய்யும்போது 15 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது விதி. தெர்மாமீட்டரும் புத்தகமும் இல்லாவிட்டால் அதை நீங்கள் நிரூபிக்க வழியே இல்லை. பதிவேட்டில் வரவில்லாத உடல், சீட்டு இல்லாத உடல், அளவு குறிக்காத குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எழுதி வைக்காத ஓர் இடத்தைக் காட்டுகின்றன. இன்ஸ்பெக்டரை எதிரியாக எண்ணாமல் இதைப் படித்துப் பாருங்கள்.

வெறுமையான பக்கங்களை நிரப்பாதீர்கள். ‘குளிர்பெட்டி சரியாகத்தான் ஓடியது, எனக்குத் தெரியும்’ என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டார், பெரும்பாலும் படமும் எடுத்திருப்பார். இன்று நீங்கள் எழுதும் ஒவ்வோர் எண்ணும் பொய்ப் பதிவு. குறைபாடாக இருந்தது மோசடியாகிவிடும். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி, ‘இந்தப் பக்கங்கள் நிரப்பப்படவில்லை, இன்ன தேதி முதல் காலையும் மாலையும் இன்னார் குறிக்கிறார்’ என்று மட்டும் எழுதுங்கள். மின்சார பில், குளிர்பெட்டியைப் பழுதுபார்த்தவரின் ரசீது இருந்தால் இணையுங்கள்.

பதிலில் நடந்ததை நேர வரிசையில், பெயரடைகள் இல்லாமல் சொல்லுங்கள். எதை ஒப்புக்கொள்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று பிரித்து எழுதுங்கள். அப்புறம் என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதை ஆதாரத்தோடு காட்டுங்கள்: புது தெர்மாமீட்டர், உடல் வந்த உடனே கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டும் சீட்டு, வெளியே அனுப்பும்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திடும் தாள், குடும்பத்தில் ஒருவர் முகம் பார்த்து உறுதி செய்யாமல் பெட்டி மூடுவதில்லை என்ற ஏற்பாடு. மறு ஆய்வுக்கு வரும்படி நீங்களே கேளுங்கள். முழுதாக நிறுத்தி வைப்பதற்குப் பதிலாக நிபந்தனைகளோடு தொடர அனுமதிக்கலாம் என்ற யோசனையையும் நீங்களே முன்வையுங்கள். ஆய்வு அறிக்கையின் நகல் உங்களுக்கு வந்த மாதிரித் தெரியவில்லை. இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள், அது வந்த பிறகு பதில் சொல்லச் சில நாள் கூடுதலாகவும் கேளுங்கள். கூடுதல் நாள் தருகிறோம் என்று எழுத்தில் வராதவரை 14-வது நாளே கெடு.

உங்கள் உரிமைகள் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அரசமைப்பின் 33-வது பிரிவும், அதன்படி வந்த 2000-ம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டமும் உங்களுக்குத் துணை. என்ன செய்யப்போகிறார்கள், ஏன் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். உங்கள் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். முடிவு வந்தபின் எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்று தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்லப்படாவிட்டால் 90 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேட்கலாம். பொதுச் சுகாதாரத்துக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் இந்த முறைகளைச் சுருக்கிக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. உங்கள் விஷயத்தில் அப்படிச் செய்யாமல் 14 நாள் கொடுத்திருக்கிறார்கள். அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முடிவு எதிராக வந்தால், மாநகராட்சி அலுவலர் தனக்கு ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தில் எடுத்த முடிவுக்கு, முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 62-வது பிரிவில் 21 நாளுக்குள் மாநகராட்சி மேலாளருக்கு மேல்முறையீடு செய்யலாம். அதைச் செய்யாமல் நேரே உயர் நீதிமன்றம் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீதிமன்ற மறுபரிசீலனைக்கு 180 நாள் வெளி எல்லை. அதற்குள் வந்தாலும் காரணமின்றித் தாமதித்தால் கேள்வி வரும். மேல்முறையீடு போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் மட்டும், நிறுத்தி வைத்த இடத்தில் ஒரு உடலையும் உள்ளே எடுக்காதீர்கள். அது தனிக் குற்றம்.

பாலிசி நிறுவனத்தின் நோட்டீஸ்

இதை நீங்கள் இரண்டே வரியில் சொல்லிவிட்டு, ‘பேசாமல் நானே விலகிக்கொள்கிறேன், பிரச்சினை முடிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாது தம்பி. நிதி ஆலோசனை சேவைச் சட்டத்தின் 14-வது பிரிவில், நீங்கள் விலகிய பிறகும் ஆறு மாதத்துக்குள், நீங்கள் பாலிசி விற்பதைத் தடுக்கும் தடை நடவடிக்கையைத் தொடங்க அந்த நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. விலகிவிட்டால் உங்கள் பதில் கோப்பில் இல்லாமலேயே முடிவு எழுதப்படும். தடை வந்தால் நிதித்துறை நடத்தை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும். வேறு நிறுவனத்துக்குப் போய்ப் பாலிசி விற்கலாம் என்ற கணக்கும் அதோடு போய்விடும்.

இந்த நோட்டீஸின் காரணமே வேறு என்பதைக் கவனித்தீர்களா? உடல் மாறியது இதில் பின்னணி மட்டும்தான். குடும்பம் பாலிசியைப் பணமாகத் தாருங்கள் என்று கேட்டபோது, ‘பணமெல்லாம் கிடையாது, எங்கள் சேவையாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்று நீங்கள் சொன்னதாகப் புகார். ‘தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்’ என்கிறீர்கள். எல்லோரும் சொன்னாலும் அது தவறு. சேவையாகத் தரும் ஃபியூனரல் பாலிசியிலும், கிளெய்ம் நேரத்தில் அதற்குச் சமமான பணத்தைக் கேட்டு வாங்கும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. தேவையான எல்லாத் தாள்களும் வந்துசேர்ந்தால் இரண்டு வேலை நாளுக்குள் கிளெய்மை முடிவு செய்ய வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது. தாயை இழந்த வீட்டில் அந்த நேரத்தில் யாருக்கும் வாதாடும் தெம்பு இருக்காது. அதனால்தான் சட்டம் அவர்கள் பக்கம் இவ்வளவு கெட்டியாக நிற்கிறது, நிற்கவும் வேண்டும்.

தடை விதிக்கும் முன் அந்த நிறுவனம் காரணங்களை எழுத்தில் தர வேண்டும், எந்த நடைமுறைப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதையும் தர வேண்டும், பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். இந்தப் பதிலில் விதி தெரியாமல் சொன்னீர்களா, தெரிந்தே சொன்னீர்களா என்பதுதான் மையம். அறியாமை என்றால் அதைச் சொல்லி, பயிற்சி எடுக்க முன்வாருங்கள். பழைய கிளெய்ம்களைத் திரும்பிப் பார்த்து, இப்படித் திருப்பி அனுப்பிய குடும்பங்கள் வேறு இருந்தால் அவர்களுக்கு உரியதைத் தர ஏற்பாடு செய்யுங்கள். தடை விதித்துவிட்டால் நிதிச் சேவைகள் தீர்ப்பாயத்திடம் மறுபரிசீலனை கேட்கலாம். காரணங்கள் ஏற்கெனவே தரப்பட்டிருந்தால் 60 நாள் கெடு. நீங்கள் கேட்டுப் பெற்ற காரணங்கள் என்றால், அவை கையில் வந்ததிலிருந்து 30 நாள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘நான் வெளியே ஓடிக்கொண்டிருப்பதால் 1663 ஃபாரங்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஆபீஸில் வைத்துவிடுவேன், பிள்ளைகள் நிரப்பிக்கொள்வார்கள்.’ இதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

டி.எச்.ஏ. 1663 மரண அறிவிப்பு. அதை வைத்துத்தான் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி அடக்கம் அல்லது தகனத்துக்கான உத்தரவு வருகிறது, மரணச் சான்றிதழ் வருகிறது, அதை வைத்து வங்கிக் கணக்கு, பென்ஷன், இன்ஷூரன்ஸ் எல்லாம் நகர்கிறது. அண்டர்டேக்கராக நீங்கள் போடும் கையெழுத்து, இந்த உடல் இன்னாருடையது என்று அரசுக்கு நீங்கள் தரும் உறுதிமொழி. இன்னும் உயிரோடு இருக்கிற யாரோ ஒருவருக்காக, அவர் யார் என்றே தெரியாமல், அந்த உறுதிமொழியை முன்கூட்டி எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறீர்கள். பொய் மரணத்தைக் காட்டிப் பாலிசிப் பணம் பறிக்கிறவர்களுக்கு வேண்டியது இப்படியொரு ஃபாரம்தான். உங்கள் பிள்ளைகள் யோக்கியமானவர்களாகவே இருக்கலாம், நாளைக்கு ஒன்று காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இன்றே அந்த ஃபாரங்களை எண்ணி, வரிசை எண்கள் இருந்தால் குறித்துக்கொண்டு, தனியாகப் பூட்டி வையுங்கள். கிழித்துப் போடாதீர்கள். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது ஆவணத்தை அழிப்பது இன்னொரு குற்றமாகத் தெரியும். இதுவரை எந்தெந்த அறிவிப்புகள் அப்படிப் போயின என்று கணக்கெடுங்கள். பிறகு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். இது குற்றவியல் பக்கம் போகக்கூடிய விஷயம். ஹோம் அஃபேர்ஸுக்கு நீங்களாகவே போய்ச் சொல்வதா, எப்படிச் சொல்வது என்பதை அவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும். மாநகராட்சிக்கு எழுதும் பதிலில் இதைப் பற்றி அவர் ஆலோசனை இல்லாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள், ‘எங்கள் தாள்களெல்லாம் முறையாக இருக்கின்றன’ என்று பொய்யும் எழுதாதீர்கள். சி.ஓ.சி. நிறுத்தப்பட்டால் பழுது நீக்கித் திரும்ப வாங்கலாம். ஹோம் அஃபேர்ஸ் நியமனம் போனால் மரண அறிவிப்பும் கொடுக்க முடியாது, அடக்க உத்தரவும் வாங்க முடியாது.

வேலையை விட்டு அனுப்பிய ஊழியர்

பதினோரு வருடம் வேலை பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு போன் அழைப்பில் அனுப்பிவிட்டீர்கள். அவர் தவறு செய்யவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் வேலை நீக்கத்துக்கு நியாயமான காரணமும் வேண்டும், நியாயமான முறையும் வேண்டும். குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் கேட்டு, பிறகு முடிவெடுத்திருக்க வேண்டும். 30 நாளுக்குள் அவர் தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.வுக்குப் போகலாம், அங்கே கட்டணம் கிடையாது. நியாயமற்ற நீக்கம் என்று தீர்ப்பானால் வேலையைத் திரும்பத் தரச் சொல்லலாம், அல்லது 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு தரச் சொல்லலாம்.

உங்கள் கடிதத்தை வைத்தே கேட்கிறேன். உடலில் சீட்டுக் கட்ட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எழுதப்பட்ட முறை ஏதாவது இருந்ததா? இரண்டாவது உடலைப் பதிவில் ஏற்றாதது அவரா, ஆபீஸா? முறையே இல்லாத இடத்தில் கடைசியாகக் கை வைத்தவர் மேல் முழுப் பழியும் போடுவது சரியல்ல. மாநகராட்சிக்கும் அது எடுபடாது. நீக்கத்தைத் திரும்பப் பெறுவதாக அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சம்பளத்தோடு தற்காலிகமாக விலக்கி வைத்து, முறையான விசாரணை நடத்துங்கள். அன்று என்ன நடந்தது என்று அவர் சொல்வதை முதல் தடவையாக உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

பணம், ‘தெரிந்த ஆள்’, ஃபேஸ்புக்

ஐம்பதாயிரம் ராண்டுக்குப் புகாரை வாபஸ் வாங்க வைப்பது வேண்டாம். மாநகராட்சியின் நடவடிக்கை அந்தக் குடும்பத்தின் சொத்து அல்ல, அவர்கள் வாபஸ் வாங்கினாலும் இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்தது அப்படியே இருக்கும். பணம் கொடுத்து வாயை மூடப் பார்த்தார் என்ற பழி மட்டும் கூடுதலாகச் சேரும். அதற்காக அவர்களுக்கு ஒன்றும் செய்யக்கூடாது என்று பொருளில்லை. நீங்கள் வாங்கிய கட்டணத்தை, தாமதத்தால் அவர்களுக்கு ஆன கூடுதல் செலவையும் சேர்த்து, எந்த நிபந்தனையும் வைக்காமல் திருப்பிக் கொடுங்கள். ஒப்புக்கொண்ட தரத்தில் சேவை தராவிட்டால் பணம் திருப்பிக் கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே வழி தருகிறது. அதற்கு மேல் நஷ்டஈடு கேட்டு அவர்கள் வழக்குப் போடலாம். மனவேதனைக்காக இழப்பீடு கேட்டால், சாதாரணத் துக்கத்தைத் தாண்டி மருத்துவர் கண்டறியக்கூடிய மனநலப் பாதிப்பு இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். பொதுவாக அதற்கு மூன்று வருடக் காலவரம்பு. உங்களுக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கு இப்போதே தெரிவியுங்கள், அவர்களைக் கேட்காமல் பெரிய தொகை எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

‘மாநகராட்சியில் ஆள் தெரியும், பதினைந்தாயிரம் கொடுத்தால் கோப்பு நகராது’ என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2004-ம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளி. அவருடைய போனை எடுக்காதீர்கள்.

மகன் உங்கள் வாசலில் சத்தம் போட்ட வீடியோவை வெளியிடும் எண்ணத்தையும் விடுங்கள். தாயைக் காணாமல் துடித்த மனிதரின் முகம் அது. அந்த கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அன்று காலை குளிர்பெட்டிப் பக்கம் நடந்ததை வேறு டிஸ்க்கில் இன்றே எடுத்து வையுங்கள். அதை விசாரணையில் காட்டலாம், வாட்ஸ்அப் குழுவில் காட்ட வேண்டாம்.

அந்த இரண்டாவது அம்மா

உங்கள் கடிதத்தில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒன்றரை வரி. சொந்தமாக மார்ச்சுவரி இல்லாத ஒரு சின்ன அண்டர்டேக்கர் உங்கள் குளிர்பெட்டியில் வாடகைக்கு வைத்திருந்த உடல். ‘அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது, உடல் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டது, அவர்களைக் கிளற வேண்டாம் என்று இருக்கிறோம்’ என்கிறீர்கள்.

இப்படி இடம் வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்வது இங்கே ரொம்ப நாள் சண்டை. 2020 செப்டம்பரில் சிறு அண்டர்டேக்கர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தபோது முக்கியக் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், எல்லோராலும் மார்ச்சுவரி கட்ட முடியாது. ஆனால் உங்கள் இடத்துக்குள் வந்த உடலுக்கு உங்கள் சி.ஓ.சி.தான் பதில் சொல்ல வேண்டும். ‘அவர்தான் பதிவு செய்திருக்க வேண்டும்’ என்பது மாநகராட்சியிடம் செல்லாது. இருவருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்கிறீர்கள். இனி அது இல்லாமல் யாருடைய உடலையும் உள்ளே எடுக்காதீர்கள்: யார் கொண்டுவந்தார், எத்தனை மணிக்கு, யார் சீட்டுக் கட்டினார், யாரிடம் திருப்பித் தரப்பட்டது எல்லாம் அதில் இருக்க வேண்டும். சான்றிதழ் நிறுத்தப்பட்டால் நீங்களும் இன்னொருவரின் மார்ச்சுவரியைத்தான் நாட வேண்டியிருக்கும், அப்போதும் இதே தாள் வேண்டும். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவதற்கும் குடும்பத்தை அங்கேயே அழைத்துப் போக வேண்டும்.

சரி, குடும்பத்துக்கு வருகிறேன். அவர்களுடைய தாயையோ பாட்டியையோ வேறு வீட்டுச் சேலை உடுத்தி, முன்பின் தெரியாத வீட்டின் கூடத்தில் இறக்கி, அங்கே கூடியிருந்தவர்கள் அலறுவதைக் கேட்டபிறகு திருப்பி ஏற்றி வந்திருக்கிறீர்கள். அது அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஆய்வு அறிக்கையில் அந்த உடல் இருக்கிறது, அந்த வீட்டுக்கு வந்திருந்த நாற்பது ஐம்பது பேர் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு செய்தி சாட்ஸ்வொர்த்திலிருந்து டோங்காட் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால் அவர்களும் புகார் கொடுப்பார்கள், அப்போது ‘மூன்று வாரம் மறைத்தார்’ என்பதுதான் முதல் வரியாக இருக்கும்.

அந்தச் சின்ன அண்டர்டேக்கரையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். முன்கூட்டிப் போன் செய்து, வரலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை முதலில் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள், ஏனென்றால் அங்கே நீங்கள் சொல்வது பின்னால் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படலாம். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, உடல் எப்படித் திரும்பியது, இப்போது என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஊழியர் பெயரை இழுக்காதீர்கள். பணத்தைப் பற்றி அவர்கள் கேட்காமல் பேசாதீர்கள். புகார் கொடுக்க வேண்டும் என்றால் மாநகராட்சியில் எந்த அலுவலகம், கோப்பு எண் என்ன என்று அவர்கள் கேட்டால், எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.